மூச்சும் முற்றமும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, யோகாப் பயிற்சியில் மணிக்கட்டு, முழங்கால், மூக்கில் வரும் தொல்லைகள் பற்றியவை. மீதி, குப்பைத்தொட்டி, மரக்கன்று, அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் பற்றியவை. உடம்புக்குத் தனி, ஊருக்குத் தனி என்று பிரிக்காமல் சேர்த்தே பதில் தருகிறோம். ஏன் அப்படி என்று ஒரு வாசகரே கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் நடுவில் வருகிறது.

கேள்வி: சூரிய நமஸ்காரம் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. 6 சுற்று வரை ஒன்றுமில்லை. அதற்கு மேல் போனால் இரண்டு மணிக்கட்டும் வலிக்கின்றன. 12 சுற்று செய்ய என்ன வழி?

பதில்: முதலில் ஒரு கணக்கு. ஒரு சுற்றில் 12 நிலைகள். அவற்றில் 4 முதல் 9 வரை உள்ள ஆறு நிலைகளில் கை எடை தாங்குகிறது. ஆக 12 சுற்று என்றால் 72 முறை. அந்த எடை உள்ளங்கையில் எங்கே இறங்குகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்கு அது உள்ளங்கையின் அடிப்பகுதியிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் இறங்கிவிடும். சுட்டுவிரலின் அடிமுட்டு தரையை விட்டு லேசாகத் தூக்கியிருக்கும். செய்கிறவருக்கே இது தெரியாது. சோதிக்க ஒரு வழி உண்டு. கைகளை ஊன்றி முழங்காலில் நின்றுகொண்டு, சுட்டுவிரலின் அடிமுட்டுக்குக் கீழே ஒரு துண்டுத்தாளை வையுங்கள். வீட்டில் இருப்பவரை அதை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். தாள் சுலபமாக உருவி வந்துவிட்டால் அந்த இடத்தில் எடையே இல்லை என்று பொருள்.

திருத்துவது இப்படி. விரல்களை நன்றாக விரித்து, நடுவிரல் நேராக முன்னால் பார்க்கும்படி வையுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல் இரண்டின் அடிமுட்டுகளையும் தரையில் அழுத்துங்கள். விரல்நுனிகளால் தரையைப் பற்றுவது போலப் பிடித்தால் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன மேடு எழும்பும். அந்த மேடுதான் காப்பு. முழங்கையைப் பூட்டிப் பின்னால் வளைக்காதீர்கள். பர்வதாசனத்தில் (கையும் காலும் ஊன்றி இடுப்பை மலைபோல் உயர்த்தும் நிலை) முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இடுப்பை மேலேயும் பின்னேயும் தள்ளினால் எடையில் கணிசமான பங்கு காலுக்குப் போய்விடும். குதிகால் தரையைத் தொட வேண்டும் என்ற ஆசையில் காலை விறைப்பாக வைத்துக்கொண்டால் அவ்வளவும் கை மேல்தான் விழும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலித்தால், யோகா மேட்டின் முன்பக்க ஓரத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதி அதன் மேலும் விரல்கள் தரையிலும் இருக்கும்படி வையுங்கள். அடிப்பகுதி 2 செ.மீ. உயர்ந்தாலே மணிக்கட்டு வளைகிற கோணம் குறைந்துவிடும். தடிமனான மெத்து மேட் கைக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் பலர். நடப்பது வேறு. கையின் அடிப்பகுதி மெத்தில் புதைந்து கோணம் இன்னும் கூடிவிடுகிறது. கைக்கு 3 முதல் 5 மி.மீ. போதும்.

வலி குறைகிற வரை 4 சுற்றோடு நிறுத்துங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டலாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரத்துப்போகும் உணர்வோ இரவில் கூச்சமோ இருந்தால் அது நரம்பு அழுந்துவதாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பாருங்கள், ஆசனத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

கேள்வி: சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து ஆசனம் செய்யலாம்?

பதில்: முழுச் சாப்பாடு என்றால் 3 முதல் 4 மணி நேரம். சிற்றுண்டிக்கு ஒன்றரை முதல் 2 மணி நேரம். தண்ணீர் குடித்தால் கால் மணி நேரம் போதும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் செய்யக் கூடாது. அவர்கள் நேரத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: பத்மாசனம் போட்டால் முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. தொடையின் பின்புறம் இழுப்பது பழகப் பழகக் குறையும். முழங்காலுக்குள் குத்துவது அந்த வகை அல்ல. பத்மாசனத்துக்குத் தேவையான திருப்பம் முழுவதும் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கி நிமிரத்தான் அது பிறந்தது. இடுப்பு திரும்ப மறுக்கும்போது பாதத்தைக் கையால் இழுத்து மேலே வைத்தால், திரும்ப வேண்டியது முழங்காலுக்குக் கீழே திரும்புகிறது. உள்பக்கத்துக் குருத்தெலும்பு வளையம் நசுங்குகிறது. அது கிழிந்தால் தானாக ஆறுவது கடினம்.

மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது தொடை மேல் வைத்து, இடது தொடையை மார்பை நோக்கி இழுங்கள். பிட்டத்தில் இழுப்பு தெரிய வேண்டும், முழங்காலில் ஒன்றும் தெரியக் கூடாது. பக்கத்துக்கு 8 மூச்சு, தினமும். பத்தகோணாசனத்தில், அதாவது உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து, உட்கார்ந்து பாருங்கள். முழங்கால்கள் இடுப்பு மட்டத்துக்கு மேலே நிற்கிற வரை பத்மாசனத்தை மறந்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு முயலும்போது வரிசை முக்கியம். முதலில் முழங்காலை முழுவதுமாக மடக்கி, தொடையோடு கெண்டைச் சதையை ஒட்டவைத்து, அப்படியே குதிகாலைத் தொப்புள் பக்கம் கொண்டுவாருங்கள். மடக்காமல் பாதி திறந்த முழங்காலோடு பாதத்தைத் தூக்குவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. பாதத்தைத் தொங்கவிடாமல் விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்திருங்கள்.

இடுப்புக் கிண்ணத்தின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்பே எலும்பில் தட்டும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அவர்களுக்குப் பத்மாசனம் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. 10 செ.மீ. உயரத்துக்கு மடித்த போர்வை மேல் சுகாசனத்தில் (சாதாரணச் சம்மணம்) உட்கார்ந்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்து நின்றால் முதுகு தானாக நிமிரும். தியானத்துக்கு அது போதும்.

கேள்வி: நாடிசுத்தியில் (மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் பயிற்சி) எனக்கு எப்போதும் ஒரு மூக்கு அடைத்தே இருக்கிறது. கபாலபாதி (வயிற்றை உந்தி வேகமாக மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி) செய்தாலோ தலை கிறுகிறுக்கிறது. இரண்டையும் நிறுத்திவிடலாமா?

பதில்: ஒரு மூக்கு அடைப்பு நோய் அல்ல. உள்ளே இருக்கும் மென்சதைக்கு ரத்தம் மாறி மாறிப் பாய்வதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துளை திறந்து மறுதுளை பாதி மூடும். பெரும்பாலானவர்களுக்கு இது உண்டு. வலது அடைத்திருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துச் சில நிமிடம் படுங்கள், பெரும்பாலும் திறந்துகொள்ளும். எப்போதுமே ஒரே துளைதான் அடைக்கிறது என்றால் மூக்குத் தண்டு வளைந்திருக்கலாம், காட்டிப் பார்ப்பது நல்லது.

நாடிசுத்தியில் கட்டைவிரலால் வலதையும் மோதிரவிரலால் இடதையும் மூடுங்கள். மூக்கு எலும்பு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தால் லேசாகத் தொட்டாலே மூடிவிடும். நுனியைப் பிடித்து அழுத்துபவர்களுக்குத்தான் மூக்கு கோணிக்கொண்டு காற்று சீறும். இடது வழியாக 4 எண்ணும் வரை இழுத்து, வலது வழியாக 6 எண்ணும் வரை விட்டு, வலது வழியாகவே இழுத்து, இடது வழியாக விட்டால் ஒரு சுற்று. 5 சுற்று போதும். முதல் இரண்டு மாதத்துக்கு மூச்சை நிறுத்தவே வேண்டாம். மூச்சு விடும்போது பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்டால் வேகம் அதிகம்.

கபாலபாதியில் தலை சுற்றக் காரணம், வேகமாக மூச்சு விட்டு விட்டு ரத்தத்தில் கரியமிலவாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடுவது. அப்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. விரல்நுனியில் ஊசி குத்துவது போலிருப்பதும் அதனால்தான். மூச்சை விடுவது மட்டுமே உங்கள் வேலை, உள்ளிழுப்பது தானாக நடக்க வேண்டும். இழுப்பதையும் வலிந்து செய்தால் அது வேறு பயிற்சியாகிவிடும், கிறுகிறுப்பும் வந்துவிடும். ஒரு நொடிக்கு ஒன்று வீதம் 20 வீச்சு செய்து, பிறகு ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. இப்படி மூன்று தடவை. தோள் குலுங்கினாலோ முகம் இறுகினாலோ நிறுத்துங்கள். கர்ப்பிணிகள், குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் (கிளாக்கோமா), வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்தவர்கள் இதை விட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஜலநேதி (உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது) செய்தால் மூக்கு எரிகிறது, பிறகு காதும் அடைத்துக்கொள்கிறது. எங்கே தவறு?

பதில்: எரிச்சலுக்கு உப்பின் அளவு காரணம், காதடைப்புக்குச் சிந்துகிற முறை காரணம். அதைவிட முக்கியமான மூன்றாவது விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம்.

ரத்தத்தில் உள்ள உப்புச் செறிவுக்கு ஈடாக, லிட்டருக்கு 9 கிராம் உப்பு வேண்டும். அரை லிட்டர் தண்ணீருக்கு நாலரை கிராம். தட்டையாக வழித்த தூள் உப்பு ஒரு டீஸ்பூனில் முக்கால் அளவு. கல்லுப்பை டீஸ்பூனால் அளந்தால் கணக்குத் தவறும், எடை போட வேண்டும். உப்பு குறைந்தாலும் எரியும், கூடினாலும் எரியும். கலப்படமோ அயோடினோ சேர்க்காத உப்பு நல்லது.

இப்போது அந்த மூன்றாவது. குழாய்த் தண்ணீரை நேரடியாக மூக்கில் விடவே கூடாது. நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா நன்னீரில் வாழ்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. மிக அபூர்வமாக நடப்பதுதான், ஆனால் தடுப்பது ஒரு நிமிட வேலை. தண்ணீர் தளதளவெனக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க விடுங்கள். 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் 3 நிமிடம். மூடிவைத்து, வெதுவெதுப்புக்கு ஆறவையுங்கள். குவளையையும் ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்துங்கள்.

முன்னால் குனிந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டபடி, மேல்பக்கத் துளையில் ஊற்றுங்கள். பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். முடித்ததும் இடுப்பிலிருந்து குனிந்து, இரண்டு துளையும் திறந்திருக்க, மென்மையாக 10, 15 முறை மூச்சை வெளியே தள்ளுங்கள். ஒரு துளையை மூடிக்கொண்டு பலமாகச் சிந்துவதால்தான் தண்ணீர் காதுக் குழாய்க்குள் ஏறுகிறது. காது வலி, மூக்கில் ரத்தம், முழு அடைப்பு இருக்கும் நாட்களில் நேதி வேண்டாம்.

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தால்தான் மனம் அதிகமாக அலைகிறது. சும்மா இருக்கும்போதுகூட இவ்வளவு இல்லை.

பதில்: சும்மா இருக்கும்போதும் அவ்வளவே அலைகிறது, நீங்கள் பார்ப்பதில்லை. விளக்கைப் போட்டதும் தூசி தெரிவதைப் போல. மனத்தைக் காலியாக்குவது நோக்கமே அல்ல. போனது தெரிந்ததும் திரும்பி வருவதுதான் பயிற்சி. 10 நிமிடத்தில் 40 முறை போனால் 40 முறை பயிற்சி செய்தீர்கள்.

வெளிமூச்சை மட்டும் 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண்ணிக்கை தவறினால் கோபப்படாமல் 1-க்குத் திரும்புங்கள். 10-ஐத் தாண்டி 14, 15 என்று போய்க்கொண்டிருந்தால் எண்ணுவதும் இயந்திரமாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். 5 நிமிடத்தில் தொடங்கி, அதே நேரம், அதே இடம் என்று வையுங்கள். ஒரே நாளில் 40 நிமிடம் உட்கார்ந்துவிட்டு ஆறு நாள் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். கண்ணை மூடி உட்கார்ந்ததும் நெஞ்சு படபடத்து, பழைய பயங்கரம் எதுவும் மேலெழுந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையைத் தொடும் இடத்தில் கவனத்தை வைத்து, மெதுவாக நடங்கள். அது தொடர்ந்தால் மனநல மருத்துவரின் துணையோடு செய்யுங்கள்.

கேள்வி: பயிற்சி அறையில் ஊதுபத்தி ஏற்றலாமா?

பதில்: ஏற்றாமல் இருப்பதே நல்லது. பத்திப் புகையில் நுண்துகள் உண்டு. பிராணாயாமத்தில் வழக்கத்தைவிட ஆழமாக இழுக்கிறீர்கள் என்பதால் புகையும் ஆழமாகப் போகும். ஆஸ்துமா உள்ள ஒருவர் வகுப்பில் இருந்தால் கட்டாயம் கூடாது. மணம் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து, வகுப்புக்கு அரை மணி நேரம் முன்பே அணைத்துவிடுங்கள்.

கேள்வி: என் யோகா மேட் உரிந்து பொடிப்பொடியாக உதிர்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு இயற்கையான மேட் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?

பதில்: வாங்குவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பாருங்கள். வழுக்குவதும் பிசுபிசுப்பதும் பல நேரம் வியர்வையும் எண்ணெயும் படிந்ததால்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு மூன்று சொட்டு விட்டு, துணியால் துடைத்து, வெறும் தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, நிழலில் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றினால் நுரைப்பொருள் பிய்ந்துவிடும்.

உதிர்வது உண்மையிலேயே தேய்மானம் என்றால் மாற்ற வேண்டியதுதான். பி.வி.சி. மேட் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மட்காது. அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும், டையாக்சின் போன்ற நச்சுகளும் உருவாகும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவே கூடாது. இயற்கை ரப்பர் நல்ல பிடிமானம் தரும், கனம் அதிகம், வெயிலில் காயப்போட்டால் வெடித்துப்போகும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. கார்க் வியர்வை பட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பருத்தி விரிப்பு உட்கார்ந்தும் படுத்தும் செய்பவற்றுக்குப் போதும், நின்று காலை அகட்டும் ஆசனங்களில் வழுக்கும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் மேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இயற்கை மேட் வாங்குவது இயற்கைக்குச் செய்யும் உதவி அல்ல. கிழிகிற வரை பயன்படுத்துங்கள். பிறகு தோட்டவேலையில் முழங்காலுக்கு அடியில் போட, நாற்காலிக் கால்களுக்கு ஒட்ட, விரிப்பு வழுக்காமல் இருக்க அடியில் விரிக்க என்று வெட்டி வெட்டிப் பயன்படுத்தலாம். உதிரும் மேல்பரப்பை மட்டும் உள்பக்கம் வைத்துவிடுங்கள்.

கேள்வி: யோகா வகுப்புக்குப் போனால் குப்பை, தண்ணீர், அக்கம்பக்கம் என்று பேசுகிறார்கள். ஆசனம் கற்றுக்கொள்ள வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு?

பதில்: ஆசனம் எத்தனையாவது படி என்று பாருங்கள். யோக சூத்திரத்தில் பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் யமமும் நியமமும் (தன்னளவில் கடைப்பிடிக்கும் ஒழுக்கங்கள்) வந்துவிடுகின்றன. ஆசனம் என்றால் என்ன என்று அவர் விளக்குவது மூன்றே சூத்திரங்களில். யமம் ஐந்தும், அதாவது கொல்லாமை, உண்மை, திருடாமை, பிரம்மச்சரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை, மற்றவரோடு எப்படி வாழ்வது என்பதைப் பற்றியவை. நம் திருமூலர் இயமத்தில் நிற்பவனுக்குப் பத்து இயல்புகள் சொல்கிறார். அதில் பகுத்துண்பதும் ஒன்று, மாசில்லாமல் இருப்பதும் ஒன்று. ஆக உங்கள் ஆசிரியர் பாடத்துக்கு வெளியே போகவில்லை, பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறார்.

ஆனால் வகுப்பில் இதைப் பேச்சாக மட்டும் கேட்டால் சலிப்பு வரத்தான் செய்யும். செய்து பார்க்கும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொட்டும் குழாய் ஒன்று இருந்தால் அதன் அடியில் ஒரு பாத்திரம் வைத்து 15 நிமிடம் கழித்துச் சேர்ந்ததை அளவுக்குவளையில் ஊற்றுங்கள். வந்த மில்லிலிட்டரை 96-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 15 நிமிடத்தில் 200 மி.லி. என்றால் நாளுக்கு 19 லிட்டருக்கும் மேல். அடுத்து, கழிவறைத் தொட்டியில் சமையலுக்குப் போடும் நிறத் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, 20 நிமிடம் யாரும் தண்ணீர் இழுக்காமல் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே ரப்பர் மூடி ஒழுகுகிறது. சத்தமே இல்லாமல் ஒழுகும் என்பதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரு வாஷர், ஒரு ரப்பர் மூடி மாற்றினால் இரண்டும் முடிந்தது. உடம்பில் முழங்கால் குத்துவதைக் கவனிக்கிற அதே கவனம்தான் குழாய் சொட்டுவதையும் கவனிக்கிறது. ஒன்றில் கூர்மையாகவும் மற்றதில் மழுங்கியும் இருக்க அதற்குத் தெரியாது.

கேள்வி: எங்கள் யோகா குழுவினர் 12 வீடுகள் சேர்ந்து பொதுவாக மக்கு உரத் தொட்டி வைத்தோம். மூன்றாவது வாரமே நாற்றம், ஈ, புழு. அக்கம்பக்கத்தில் சண்டை வந்துவிட்டது. எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: எடுக்க வேண்டாம். பத்து நாள் அவகாசம் கேளுங்கள். நாற்றத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

மூக்கைத் துளைக்கும் காரமான நெடி என்றால் அம்மோனியா, சமையலறைக் கழிவு அதிகம், சருகு குறைவு. அழுகிய முட்டை வாடை என்றால் காற்றுப் போகவில்லை, ஈரம் அதிகம். உங்கள் தொட்டியில் அநேகமாக இரண்டும் இருக்கும். ஏனென்றால் 12 வீட்டிலிருந்தும் ஈரக்கழிவு தினமும் தவறாமல் வந்திருக்கும். சருகைக் கொண்டுவருவது மட்டும் யாருடைய வேலையாகவும் இருந்திருக்காது. பொதுத் தொட்டிகள் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான் மூடப்படுகின்றன.

நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிச்சத்து (கார்பன்) வேண்டும். வாளிக் கணக்கில் சொன்னால், ஒரு வாளி காய்கறி, பழக் கழிவுக்கு 2 முதல் 3 வாளி காய்ந்த சருகு. சருகு கிடைக்காவிட்டால் மரத்தூள், அச்சு மெழுகு இல்லாத அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போடலாம். மரத்தூளை மட்டும் அளவாகப் போடுங்கள், ஈரத்தில் கட்டியாகிக் காற்றை அடைக்கும்.

இன்றே செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் வெளியே கொட்டுங்கள். கை நிறைய எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விரலிடுக்கில் எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம், பிழிந்த கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. உங்களுடையது ஒழுகும். சருகை நன்றாகக் கலந்து, அடியில் விரல் பருமனுள்ள சுள்ளிகளை 15 செ.மீ. பரப்பி, திரும்ப நிரப்புங்கள். மேலே ஒரு சாண் உயரத்துக்கு வெறும் சருகு. நாற்றம் இரண்டு மூன்று நாளில் அடங்கத் தொடங்கும். பெரிய சாம்பல் நிறப் புழுக்கள் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்களாக இருக்கும். கழிவை வேகமாகத் தின்பவை, நோய் பரப்புவதில்லை. பார்க்க அருவருப்பாக இருக்கிறதே தவிர கெடுதல் இல்லை. ஈரம் குறைந்தால் அவையும் குறையும்.

குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். 55 முதல் 65 டிகிரி வரை ஏறினால் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி 10 நிமிடம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாத சூடு இருந்தால் வேலை நடக்கிறது. வாரம் ஒருமுறை புரட்டி, வெளியே இருப்பதை உள்ளே தள்ளுங்கள். இறைச்சி, பால் பொருள், எண்ணெய்ப் பண்டம், நாய் பூனைக் கழிவு கூடாது.

மனிதர்கள் பக்கம் மூன்று மாற்றம் செய்யுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில், மூடிபோட்ட இன்னொரு தொட்டியில் சருகு எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும், அதற்கு மாதம் ஒரு வீடு பொறுப்பு. கழிவைக் கொட்டுகிறவரே தன் கையால் சருகு போட்டு மூடிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தொட்டி நிரம்பியதும் அதைத் தொடாமல் விட்டு இரண்டாவதில் கொட்டுங்கள். ஒன்றிலேயே போட்டுக்கொண்டிருந்தால் ஒருநாளும் உரம் எடுக்க முடியாது. எடுத்த உரம் முதிர்ந்ததா என்று பார்க்க, ஒரு பிடியை நனைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மழை நனைத்த மண்வாசனை வந்தால் ஆயிற்று. புளித்த வாடை வந்தால் இன்னும் சில வாரம். முதல் உரத்தில் ஒரு பையைக் குறை சொன்ன வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: குழுவாக நட்ட மரக்கன்றுகளில் பாதி ஒரு வருடத்துக்குள் பட்டுப்போயின. தண்ணீர் ஊற்றினோமே?

பதில்: ஆழமாக நட்டிருப்பீர்கள். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண் மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். அது புதைந்தால் பட்டை அழுகும், வேருக்கு மூச்சு முட்டும். குழி வேர்ப்பந்தின் ஆழமே இருக்கட்டும், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் பக்கவாட்டில் மூன்று நான்கு இடத்தில் கீறிப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வளர வளர அதுவே தண்டின் கழுத்தை நெரிக்கும். சருகு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை ஆழமாக இறங்கும்படி ஊற்றினால்தான் வேர் கீழே போகும். இரண்டு வருடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிற எண்ணிக்கையில் மட்டும் நடுங்கள். 100 நட்டு 50 இழப்பதைவிட 20 நட்டு 20-ஐயும் காப்பாற்றலாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏழெட்டுப் பேர் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்காலி யோகா நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது?

பதில்: சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலி, இருக்கை 43 முதல் 46 செ.மீ. உயரம். பின்கால்கள் சுவரை ஒட்டி, நான்கு காலும் யோகா மேட் மேல் இருக்கட்டும். பாதம் முழுதாகத் தரையில் படாதவருக்கு அடியில் பலகை வையுங்கள்.

மொத்தம் 30 நிமிடம். 5 நிமிடம் மூச்சைக் கவனிப்பது. கணுக்காலைப் பக்கத்துக்குப் பத்து முறை சுழற்றுவது. மூச்சை இழுத்தபடி கையை உயர்த்தி, விட்டபடி இறக்குவது. உட்கார்ந்தே முதுகைக் குழித்து, வளைப்பது. அப்புறம் இந்த வகுப்பின் உயிரான பகுதி: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 5 முறையில் தொடங்கி 10 வரை. விழாமல் இருக்க உதவுவது இந்தத் தொடை வலுதான். முடியாதவர் ஊன்றிக்கொள்ளட்டும். பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 நொடி. கடைசி 5 நிமிடம் ஓய்வு.

எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் முதுகை வளைத்து ஆழமாகக் குனிவதும் முறுக்குவதும் கூடாது, முதுகெலும்பு நொறுங்கலாம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றவும் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென எழுந்தால் கண் இருட்டும். எழுந்ததும் மூன்று மூச்சு நின்ற பிறகே அடுத்தது.

முதல் நாளே ஒரு நோட்டில் ஒவ்வொருவரின் மருந்து, அறுவை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வராதவரை அன்று மதியத்துக்குள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். யார் போவது என்பதையும் அதே நோட்டில் வாரம் ஒரு பெயராக எழுதிவிடுங்கள்.